பத்திரிகை ஆயிரம், இலை முந்நூறு: பிமேப் கட்டளையால் ஒரு புராசஸின் மெமரியைப் பார்ப்பது எப்படி?

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, 8 ஜிபி மெமரி உள்ள சர்வர் ஒன்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. டாப் கட்டளையை ஓட்டினேன். ஒரு ஜாவா நிரலுக்கு நேராக 'விர்ட்' என்ற தலைப்பின் கீழ் 11 ஜிபிக்கு மேல் காட்டியது. 8 ஜிபி மெஷினில் 11 ஜிபியா! திருடன் அகப்பட்டான் என்று அந்த நிரலை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினேன். கிளம்பின நிமிஷமே அது திரும்பவும் 11 ஜிபி காட்டியது. சர்வரின் திணறலோ கொஞ்சமும் குறையவில்லை. காலையில் வந்த சீனியர் ஒருவர் இரண்டு மூன்று கட்டளையில் உண்மையான ஆளைப் பிடித்தார். அது ஓரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். அவற்றில் ஒன்றுதான் பிமேப்.

லினக்ஸில் பிஎஸ், டாப், ஃப்ரீ ஆகிய கட்டளைகள் எந்தப் பொதியில் வருகின்றனவோ, அதே ப்ராக்பிஎஸ் பொதியில்தான் இதுவும் வருகிறது. அதனால் பெரும்பாலான கணினிகளில் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தன் மெமரியை எந்தெந்தத் துண்டுகளாக வைத்திருக்கிறது, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு உண்மையில் ராமில் (கணினியில் உள்ள நிஜ மெமரியில்) இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். இதன் கையேட்டில் ஒரு குறும்பு உண்டு. தரநிலைகள் என்ற தலைப்பின் கீழ், எந்தத் தரநிலையும் இதற்குக் கிடையாது, ஆனால் பார்க்க சன் ஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தின் கட்டளை ஒன்றைப் போலவே இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே போனில் சொல்வது போல உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பிமேப் என்றால் பி, எம், ஏ, பி என நான்கு எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

மூன்று எண்கள், மூன்று கேள்விகள்

கட்டளைக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால், நான் செய்த தப்பையே நீங்களும் செய்வீர்கள்.

ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை அடிக்கிறார்கள். பந்தியில் விழுந்த இலை முந்நூறு. சமையல்காரருக்கு எந்த எண் முக்கியம்? இலை எண்ணிக்கைதான். மெமரியிலும் இதே கதை. ஒரு நிரல் "எனக்கு 1 ஜிபி வேண்டும்" என்று கேட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் "சரி, எடுத்துக்கொள்" என்று முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிடும். அந்த இடத்தில் நிரல் முதன்முறை எதையாவது எழுதும்போதுதான் ராமிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பக்கம் என்பது 4 கேபி. கேட்டு வாங்கிய முகவரிகளின் மொத்தம் பத்திரிகைக் கணக்கு. அதுதான் விர்ட், அல்லது விஎஸ்இசட். ராமில் உண்மையாகவே உட்கார்ந்திருப்பது இலைக் கணக்கு. அது ஆர்எஸ்எஸ். பத்திரிகை வாங்கிய எல்லோரும் ஒரே நேரத்தில் பந்திக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? மெமரி தீர்ந்துபோகும்போது புராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லரைக் கெர்னல் அனுப்பி யாரையாவது எழுப்பி வெளியே தள்ளும்.

மூன்றாவது எண் பிஎஸ்எஸ். மூன்று நண்பர்கள் 9,000 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். "உன் அறை வாடகை எவ்வளவு?" என்று கேட்டால் மூன்று பேருமே 9,000 என்பார்கள். கூட்டினால் 27,000. வீட்டுக்காரர் கைக்கு வருவதோ 9,000 மட்டும். ஆர்எஸ்எஸ் இப்படித்தான் பேசும். பல புராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியை (பல நிரல்களுக்கும் பொதுவான நிரல் தொகுப்பை) ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுசாக எழுதிவிடும். பிஎஸ்எஸ் அதைப் பங்கு போட்டு ஆளுக்கு 3,000 என்று எழுதும். ஒரே ஒரு புராசஸைப் பார்க்கும்போது ஆர்எஸ்எஸ் போதும். பல புராசஸ்களைக் கூட்டிப் பார்க்க வேண்டுமானால் பிஎஸ்எஸ்தான்.

முதல் படி: ஒரு சோதனை எலி

ஓடும் சர்வரில் கைவைக்க வேண்டாம். ஒன்றுமே செய்யாத ஒரு புராசஸை நாமே கிளப்புவோம். டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

ஸ்லீப் 1000 &

கடைசியில் உள்ள & குறி அதைப் பின்னணியில் ஓடவிடும். உடனே ஓர் எண் திரையில் வரும். அதுதான் பிஐடி, அதாவது புராசஸின் எண். 4321 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே ஓடும் நிரலின் எண் வேண்டுமானால் பிக்ரெப் (பி, ஜி, ஆர், இ, பி) கட்டளைக்குப் பின் -ஏ என்றும் நிரலின் பெயரையும் கொடுத்தால் போதும். ஒரே பெயரில் பல இருந்தால் எல்லாவற்றையும் முழுக் கட்டளை வரியோடு காட்டும். எது உங்களுடையது என்று கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாம் படி: வரிகளைப் படிப்பது

பிமேப் -எக்ஸ் 4321

முதல் வரியில் எண்ணும் கட்டளையின் பெயரும். அதன் கீழே ஆறு தலைப்புகள்: முகவரி, கேபியில் அளவு, ஆர்எஸ்எஸ், டர்ட்டி, மோட், மேப்பிங். கடைசி வரியில் மொத்தம்.

முகவரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முன்னால் உள்ள பூஜ்யங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 64 பிட் இன்டெல் கணினியில் சாதாரணமாக 55 அல்லது 56 என்று தொடங்குபவை நிரலின் சொந்தப் பகுதியும் அதன் ஹீப்பும் (ஓடும்போது தேவைக்கேற்பக் கேட்டு வாங்கும் இடம்). 7எஃப் என்று தொடங்குபவை லைப்ரரிகள், ஸ்டாக் (நிரலின் தற்காலிகக் குறிப்புகள் இருக்கும் இடம்) போன்றவை. பாதுகாப்புக்காகக் கெர்னல் ஒவ்வொரு முறையும் இடத்தைக் கலைத்துப் போடுவதால், அதே நிரலை மறுபடி ஓட்டினால் முகவரி மாறியிருக்கும். அதை மனப்பாடம் செய்து ஒரு லாபமும் இல்லை.

மோட் என்பதில் ஐந்து இடங்கள் உண்டு. ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் எழுதலாம், எக்ஸ் என்றால் அங்கே உள்ளதை நிரலாக இயக்கலாம், எஸ் என்றால் பிறரோடு பகிர்ந்தது. இல்லாத உரிமைக்குச் சின்னக் கோடு. இதைத் தெரிந்துகொண்டால் மேப்பிங் நெடுவரிசையில் ஏன் லிப்சி (கிட்டத்தட்ட எல்லா நிரலும் பயன்படுத்தும் அடிப்படை லைப்ரரி) என்ற ஒரே பெயர் நாலைந்து முறை வருகிறது என்பது விளங்கும். நிரல் வரிகள் உள்ள துண்டு ஆர், எக்ஸ் உரிமையோடு இருக்கும். மாறாத தரவு உள்ள துண்டுக்கு ஆர் மட்டும். மாறக்கூடிய தரவு உள்ள துண்டுக்கு ஆர், டபிள்யூ. கோப்பு ஒன்றுதான், உரிமைக்கு ஏற்றபடி கூறு போட்டிருக்கிறார்கள்.

கோப்புப் பெயர் இல்லாமல் 'அனான்' என்று வரும் வரிகள்தாம் நமக்கு முக்கியம். எந்தக் கோப்போடும் தொடர்பில்லாமல், நிரல் தன் சொந்தத் தேவைக்கு வாங்கிய இடம் அது. -எக்ஸ் காட்டும் பட்டியலில் ஹீப்பும் அனான் என்ற பெயரில்தான் வரும். மெமரிப் பிரச்சினை என்று தேடிப் போனால் பத்துக்கு ஒன்பது முறை அனான் வரி ஒன்றின் முன்னால்தான் போய் நிற்பீர்கள் என்பது என் அனுபவம்.

டர்ட்டி என்பது எழுதி மாற்றப்பட்ட பக்கங்கள். லைப்ரரியின் நிரல் வரிகள் ராமில் இருந்தாலும் மெமரி நெருக்கடியில் கெர்னல் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேண்டும்போது வட்டிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளும். அனான் பகுதியில் எழுதிய பக்கத்தை அப்படிச் செய்ய முடியாது. அதை ஸ்வாப்புக்குத்தான், அதாவது ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடத்துக்குத்தான், அனுப்ப வேண்டும். எனவே ஆர்எஸ்எஸ் ஒரே அளவாக உள்ள இரண்டு புராசஸ்களில் டர்ட்டி கூடுதலாக உள்ளதுதான் கணினிக்கு அதிக பாரம்.

இதே கட்டளையைப் பிறருடைய புராசஸ் மேல் ஓட்டினால் அனுமதி இல்லாததால் பட்டியல் கிடைக்காது. முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணில் புராசஸே இல்லாவிட்டால் பிமேப் 42 என்ற முடிவுக் குறியீட்டோடு வெளியேறும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இது உதவும்.

மூன்றாம் படி: பத்திரிகையையும் இலையையும் கண்ணால் பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். படித்துப் புரிவதைவிட இரண்டு நிமிஷம் செய்து பார்த்தால் மனசில் நிற்கும்.

ஒரு டெர்மினலில் பைத்தான்3 என்று தட்டி உள்ளே போங்கள். இன்னொரு டெர்மினலில் பிக்ரெப் மூலம் அதன் எண்ணைக் கண்டுபிடித்து, பிமேப் -எக்ஸ் ஓட்டிக் கடைசி வரியில் உள்ள மொத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது பைத்தானில்:

ஏ = பைட்ஸ்(200 * 1024 * 1024)

200 எம்பி பூஜ்யங்களைக் கேட்கிறோம். மறுபடி பிமேப் ஓட்டுங்கள். அளவு நெடுவரிசையில் ஓர் அனான் வரி 204804 கேபி என்றோ, பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொண்டு அதைவிடச் சற்றுக் கூடவோ வந்திருக்கும். மொத்தமும் 200 எம்பி ஏறியிருக்கும். அதே வரியில் ஆர்எஸ்எஸைப் பாருங்கள். சில கேபி இருக்கும், மிஞ்சினால் இரண்டு எம்பி. பத்திரிகை அடித்தாகிவிட்டது, இலை விழவில்லை! பைத்தான் இந்த இடத்தை ஏற்கெனவே பூஜ்யம் நிரம்பியதாகவே கெர்னலிடம் கேட்டு வாங்கிவிட்டு, அதன்மேல் எதையும் எழுதாமல் விட்டுவிட்டது.

இப்போது டெல் ஏ என்று கொடுத்து அதை விடுவித்துவிட்டு இதைச் செய்யுங்கள்:

பி = பைட்அரே(200 * 1024 * 1024)

பைட்அரே என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்ட வேண்டும். கேட்ட அளவு அதேதான். ஆனால் இந்தமுறை ஆர்எஸ்எஸும் டர்ட்டியும் 200 எம்பிக்குப் போயிருக்கும். பைட்அரே தன் இடம் முழுக்கத் தானே பூஜ்யங்களை எழுதி நிரப்புகிறது. எழுதினதும் கெர்னல் பக்கங்களைக் கொடுத்தே ஆக வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டு வரிகளும் ஒரே வேலையைச் செய்வது போலத்தான் இருக்கும், ராமில் வித்தியாசம் 200 எம்பி.

அன்று நான் அநியாயமாக நிறுத்திய ஜாவா நிரலும் பத்திரிகைதான் அடித்து வைத்திருந்தது. ஜாவா தன் ஹீப்பின் உச்ச அளவு முழுவதற்கும் முகவரியை முதலிலேயே ஒதுக்கிக்கொள்ளும். வகுப்புகளுக்கென்று இயல்பாகவே இன்னொரு 1 ஜிபி முகவரியை எடுத்து வைக்கும். இதெல்லாம் இலை விழாத பந்தி.

64 எம்பி பேய்கள்

பல த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) உள்ள நிரலைப் பிமேப்பில் பார்க்கும் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மிரளும் காட்சி இது. 132 கேபி அளவில் ஓர் அனான் வரி, அதை ஒட்டி எந்த உரிமையும் இல்லாமல் வெறும் கோடுகளோடு 65404 கேபி வரி ஒன்று. இதே ஜோடி பத்து, இருபது முறை. கூட்டிப் பாருங்கள்: 132 + 65404 = 65536 கேபி. அதாவது சரியாக 64 எம்பி.

இது கசிவு (வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் வளர்ந்துகொண்டே போவது) அல்ல. லினக்ஸில் வழக்கமாக லிப்சியாக இருக்கும் ஜிலிப்சி லைப்ரரி, த்ரெட்கள் மெமரி கேட்டு ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் இருக்க, அரீனா என்று தனித்தனிக் களங்களை உருவாக்குகிறது. ஒவ்வொரு களத்துக்கும் 64 எம்பி முகவரியை வளைத்துப் போட்டுவிட்டு, தேவைப்படும் அளவுக்கு மட்டும் வேலிக்குள் கொண்டுவரும். 64 பிட் கணினியில் கோர் எண்ணிக்கையைப் போல 8 மடங்கு வரை களங்கள் வரலாம். 8 கோர் இருந்தால் 64 களங்கள், முகவரிக் கணக்கில் 4 ஜிபி. ஆர்எஸ்எஸ் சின்னதாக இருக்கும்வரை கவலை வேண்டாம். அதுவும் ஏறினால் மலாக்_அரீனா_மேக்ஸ் என்ற சூழல் மாறியைப் பெரிய எழுத்துகளில் தட்டி, 2 அல்லது 4 என்று வைத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

8192 கேபி வரிகளும், ஒவ்வொன்றின் பக்கத்தில் 4 கேபி அளவில் உரிமையற்ற துண்டும் வரிசையாகத் தெரிந்தால் அவை த்ரெட்களின் ஸ்டாக். அந்த 4 கேபி ஒரு காவல் பக்கம். ஸ்டாக் எல்லை மீறினால் அங்கே முட்டி நிரல் விழும்.

நான்காம் படி: பெருசு எது?

உண்மையான நிரலில் வரிகள் நூற்றுக்கணக்கில் வரும். கண்ணால் தேட முடியாது. ஆர்எஸ்எஸ் நெடுவரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள்:

பிமேப் -எக்ஸ் 4321 | சார்ட் -கே 3 -என் -ஆர் | ஹெட்

ராமில் அதிகம் உட்கார்ந்திருக்கும் முதல் பத்து வரிகள் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. மொத்தம் காட்டும் வரியும் அடுக்கலில் கலந்து முதலிலேயே வந்து நிற்கும். அந்த வரியின் தொடக்கத்தில் 'டோட்டல்', 'கேபி' என்று இரண்டு சொற்கள் இருப்பதால், அதன் மூன்றாவது இடத்தில் இருப்பது ஆர்எஸ்எஸ் அல்ல, மொத்த முகவரி அளவு. அதை ஆர்எஸ்எஸ் என்று நினைத்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

மேலே வந்து நிற்பது ஒரு கோப்புப் பெயர் என்றால், நிரல் அந்தக் கோப்பை அப்படியே மெமரியில் விரித்துப் படிக்கிறது. தரவுத்தளங்களும் தேடல் இயந்திரங்களும் இப்படிச் செய்வதுண்டு, பெரும்பாலும் அது திட்டமிட்டுச் செய்ததே. கோப்பின் முழுப் பாதை வேண்டுமானால் -பி சேருங்கள்.

ஐந்தாம் படி: பங்கு பிரிப்பது

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் ஓடும் சர்வரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு இணைப்புக்கும் அது தனிப் புராசஸ் ஒன்றைக் கிளப்பும். எல்லாம் சேர்ந்து ஒரே பொது மெமரியைப் பயன்படுத்தும். இயல்பான அமைப்பில் அந்தப் பொது இடத்தின் பெரும்பகுதி 128 எம்பி. நீண்ட நேரம் ஓடிய 50 இணைப்புகளும் அந்த இடத்தை முழுக்கத் தொட்டிருந்தால், ஒவ்வொன்றின் ஆர்எஸ்எஸிலும் 128 எம்பி தெரியும். கூட்டினால் 6400 எம்பி. ராமில் இருப்பதோ ஒரே ஒரு 128 எம்பி.

பிமேப்பில் அந்தப் பொது இடம் எஸ் உரிமையோடு, 'ஜீரோ' என்ற பெயரிலும் அழிக்கப்பட்டது என்ற குறிப்போடும் வரும். யாரோ தரவுத்தளக் கோப்பை அழித்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். பகிர்வு மெமரியைக் கெர்னல் அப்படித்தான் பெயரிட்டு வைத்திருக்கிறது.

பங்குக் கணக்கைப் பார்க்க எக்ஸைப் பெரிய எழுத்தாக மாற்றுங்கள்: பிமேப் -எக்ஸ், இங்கே எக்ஸ் பெரியது. நெடுவரிசைகள் சடசடவென்று பெருகிவிடும். அகலமான திரையில் ஓட்டுவது நல்லது. அதில் ஆர்எஸ்எஸுக்கு அடுத்து பிஎஸ்எஸ் இருக்கும், வலப்பக்கம் தள்ளி ஸ்வாப் இருக்கும். ஹீப்பும் தன் சொந்தப் பெயரோடு வரும். ஸ்வாப்பை அவசியம் பாருங்கள். ஆர்எஸ்எஸ் குறைவாகத் தெரியும் புராசஸ் உண்மையிலேயே சிக்கனமானதாக இருக்கலாம், அல்லது அதன் மெமரியைக் கெர்னல் ஏற்கெனவே வட்டுக்குத் தள்ளியிருக்கலாம். பெரிய எக்ஸை இரண்டு முறை கொடுத்தால் கெர்னல் சொல்லும் எல்லாமே வரும். நான் வருஷத்துக்கு இரண்டு தடவைகூட அதை ஓட்டுவதில்லை.

சின்ன கன்டெய்னர்களுக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகளுக்குள்) நுழைந்தால் சிலசமயம் பிமேப்பே இருக்காது. கவலை வேண்டாம். பிமேப் தானாக எதையும் அளப்பதில்லை. /ப்ராக் அடைவில், புராசஸ் எண்ணின் கீழ் மேப்ஸ், எஸ்மேப்ஸ் என்று கெர்னல் எழுதி வைத்திருப்பதைப் படித்துத்தான் அடுக்கிக் காட்டுகிறது. அதே இடத்தில் எஸ்மேப்ஸ்_ரோலப் என்று ஒன்று உண்டு. 2017இல் வந்த லினக்ஸ் 4.14 முதல் இருக்கிறது. கேட் கட்டளையால் அதைப் படித்தால், மொத்த ஆர்எஸ்எஸ், பிஎஸ்எஸ், ஸ்வாப் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

ஆறாம் படி: கசிவைத் துரத்துவது

அன்று சீனியர் செய்தது இதுதான். முதலில் யார் ராமில் அதிகம் உட்கார்ந்திருக்கிறார் என்று வரிசைப்படுத்தினார்:

பிஎஸ் ஏயூஎக்ஸ் --சார்ட்=-ஆர்எஸ்எஸ் | ஹெட்

பைத்தான் ஸ்கிரிப்ட் முதலிடத்தில் நின்றது. அதன் எண்ணுக்குப் பிமேப் -எக்ஸ் ஓட்டி, வந்ததை > குறி மூலம் ஒரு கோப்பில் சேமித்தார். டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு கோப்பில் மறுபடி சேமித்தார். இரண்டையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டார். நூற்றுச் சொச்சம் வரிகளில், மொத்தத்தைத் தவிர, மாறியிருந்தது ஹீப்பைக் குறிக்கும் அனான் வரி மட்டும். டீ குடித்த நேரத்தில் அது பல எம்பி வீங்கியிருந்தது.

நீங்கள் செய்யும்போது இரண்டு கோப்புகளோடு நிறுத்தாதீர்கள். கிளம்பின புதிதில் எல்லா நிரலும் கொஞ்சம் வளரும், அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிடும். அதைக் கசிவு என்று சொல்லிவிடக் கூடாது. அரை மணிக்கு ஒன்று என நாலைந்து எடுத்து, ஒரே வரி நிற்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறிவிட்டு இறங்காமல் அப்படியே நின்றாலும் அவசரப்பட வேண்டாம். நிரல் விடுவித்த மெமரியை ஜிலிப்சி உடனே கெர்னலிடம் திருப்பிக் கொடுப்பதில்லை, அடுத்த முறைக்கு உதவுமே என்று கையிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. இடைவெளியை நொடிக் கணக்காகக் குறைக்கவும் வேண்டாம். பெரிய புராசஸ் ஒன்றின் எல்லாப் பக்கங்களையும் எண்ணிச் சொல்லக் கெர்னலுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அந்தப் புராசஸே சற்றுத் தடுமாறலாம்.

எந்த அறை வீங்குகிறது என்பதுவரை பிமேப் சொல்லும். எந்த நிரல் வரி அதை வீங்க வைக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதற்கு வேறு கருவிகள் வேண்டும்: சி, சி++ நிரலானால் வால்கிரிண்டின் மாசிஃப் அல்லது ஹீப்ட்ராக், பைத்தானானால் அதனுடனே வரும் ட்ரேஸ்மலாக். எங்கள் ஸ்கிரிப்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஹீப் என்று தெரிந்ததும் நிரலைத் திறந்து பார்த்தோம். வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. எடுத்துப் போடும் வரி எங்கேயும் இல்லை.